முன்னாடியே பதூகா போனவர்

என் மனைவியை வேவு பார்ப்பது என்று நான் தீர்மானித்தது ஓர் ஏப்ரல் மாதக் காலையில். தட்டில் முட்டை இருந்தது. எதிரே ஆர்லிஸ் இருந்தாள். நடுவில், மேஜை மேலேயே, ஒரு பெட்டி இருந்தது.

"பெட்டி எதுக்கு இங்கே?"

"பதூகாவுக்குப் போறோம்ல, அதுக்கு."

திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"காலியா இருக்கு!"

"காலியாத்தான் எடுத்துட்டுப் போகணும். முட்டையைச் சாப்பிடு, வெர்லின்."

நான் வாழ்நாள் முழுக்க எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடைமேடையில் உட்கார்ந்திருந்தவன். ஈரச் சோளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து "நல்லா காஞ்சது" என்று சொல்பவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு பிடிப்பதற்கு லாரி இல்லை. ஆர்லிஸ்தான் இருந்தாள். அவள் முகத்தில் ஈரச் சோளம் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஆர்லிஸ் ஒட்டுப்போர்வை தைப்பவள். நல்ல துணியாகப் பார்த்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, வெட்டியதையே திரும்ப ஒட்டி, அடியில் பஞ்சு வைத்துத் தைத்து, கடைசியில் யாரையும் அதன்மேல் படுக்க விடாமல் சுவரில் மாட்டும் கலை அது. தையலாள் தையல் வேலையில் இருக்கும்போது புருஷன் குறுக்கே போகக் கூடாது. கையில் கத்தரிக்கோல் இருக்கும். இந்தக் கலைக்கு கென்டக்கி மாநிலத்தில், பதூகா என்கிற ஊரில், வசந்த காலத்தில் பெரிய கண்காட்சி நடக்கும். எங்கள் அயோவாவிலிருந்து பகல் முழுக்க வண்டி ஓட்டினால் போய்ச் சேரலாம். ஆர்லிஸ் போனதே இல்லை. ஒவ்வொரு வருஷமும் என்னிடம் கேட்பாள்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வரலாமே, வெர்லின்?"

"நம்ம கட்டில்ல கிடக்கிற போர்வையையே நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்க்கிறேன். அதுக்கு கென்டக்கி வரைக்கும் போகணுமா?"

அவள் தைக்கப் போய்விடுவாள். அடுத்த வருஷம் மறுபடி கேட்பாள்.

இந்த வருஷம் கேட்கவில்லை. "நானும் லவோனும் பதூகா போறோம். சாப்பாடெல்லாம் செஞ்சு ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ" என்றாள். அங்கேதான் எனக்கு இடித்தது. கேட்டால் மறுப்பது என் உரிமை. கேட்காமலே விட்டால் நான் எதை மறுப்பது?

லவோன் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் டெல்மர் என் சிநேகிதன். அன்று மதியம் வேலியருகே அவனைப் பிடித்தேன். புல்வெட்டும் இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெல்மர், உன் பொண்டாட்டியும் காலிப் பெட்டிதான் எடுத்துட்டுப் போறாளா?"

"அவ ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போறா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"உனக்குச் சந்தேகம் வரலையா?"

"எனக்கு எதுக்கு வரணும்? என் பொண்டாட்டி புது ஷூ வாங்கலையே."

நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஷூவா?"

"உனக்குத் தெரியாதா? ஆர்லிஸ் வாங்கியிருக்கா. வெள்ளை ஷூ. தெனம் கூடத்துல நடந்து பழகுறாளாம். லவோன் சொன்னா." டெல்மர் இயந்திரத்தின் கத்தியைத் தட்டினான். "நான் ஒண்ணும் சொல்லலைப்பா. ஆனா ஒரு பொம்பளை காலிப் பெட்டியோட, புது ஷூ போட்டுக்கிட்டு, புருஷனைக் கூப்பிடாம வெளியூர் போறான்னா..."

"போறான்னா?"

"அங்கே எல்லாம் வாங்கிக் குடுக்க ஆள் இருக்குன்னு அர்த்தம்."

நான் வீட்டுக்கு வந்தேன். ஆர்லிஸ் கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். வெள்ளை ஷூ.

"யாரோட நடக்கப் போறே?" என்று கேட்டேன்.

"கூட்டத்தோட" என்றாள்.

எங்கள் வீட்டில் ஆர்லிஸின் தையல் அறை நிலவறையில் இருக்கிறது. குளிர்காலத்தில் கீழேயிருந்து சூடான காற்று வருவதற்குப் படுக்கையறைத் தரையில் ஓர் இரும்புச் சல்லடை வைத்திருக்கிறார்கள். காற்று மட்டும் வராது, பேச்சும் வரும். நான் தரையில் குப்புறப் படுத்து, சல்லடையில் காதை வைத்தேன். கீழே அவள் ஒட்டுப் போட்டாள். மேலே நான் ஒட்டுக் கேட்டேன்.

தொலைபேசியில் லவோனுடன் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரு போன மாசமே பதூகா போய்ச் சேர்ந்துட்டாரு, லவோன். ஆமா, ஒரு சேதாரமும் இல்லாம... எனக்குத் தெரியாதா? எத்தனை சாயங்காலம் அவரோட உக்காந்திருக்கேன்! இப்ப வீடே வெறிச்சுனு இருக்கு."

வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். வீட்டுக்காரன் மேலே குப்புறக் கிடக்கிறான்!

"வெர்லினுக்கா? மூச்சு விடலை. தெரிஞ்சா குதிப்பான். அவரு அப்படியா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கடுமையா சொல்ல மாட்டாரே. மூக்கு மட்டும்தான் கொஞ்சம் கோணல். மத்தபடி அழகன்."

இதில் என்னை எது அதிகம் குத்தியது தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நீ, வா, போ, குதிப்பான். அந்தக் கோணல் மூக்கனுக்கு மட்டும் அவரு, சேர்ந்துட்டாரு, சொல்ல மாட்டாரு! ஊர் பேர் பதூகா. கடவுளே, பாதுகா என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன்.

சாப்பாட்டு மேஜையில் ஆர்லிஸ் என்னை உற்றுப் பார்த்தாள்.

"காதுல என்ன கட்டம் கட்டமா?"

தொட்டுப் பார்த்தேன். சல்லடையின் அச்சு பன் மாவில் பதிந்தது போலப் பதிந்திருந்தது.

"ரத்த ஓட்டம்" என்றேன்.

"ரத்தம் சதுரமா ஓடுதா?"

"வயசாகுதுல்ல."

அவள் உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்தினாள். அதற்கப்புறம் என் காது நாளுக்கு நாள் கட்டமாகிக்கொண்டே போனது. அவளும் தொலைபேசியில் பேசிக்கொண்டே போனாள். குரல் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. 'அவரைப் பார்க்க ஜனங்க வரிசையில நிக்கிறாங்களாம்' என்றாள். 'அவரு பக்கத்துல நிக்கும்போது என்ன உடுத்துறது?' என்றாள். 'நீலம் அவருக்குப் பொருந்தும்' என்றாள். ஒருநாள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது காதிலிருந்து இடது காதுக்கு மாறினேன்.

மறுபடி டெல்மரிடம் போனேன். கேட்டதையெல்லாம் கொட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"வரிசையில நிக்கிறாங்களா? அப்படின்னா பெரிய ஆளுதான்."

"நான் என்ன பண்றது?"

"வீட்டுல உக்காந்து ஃப்ரீசர்ல இருக்கிறதைச் சூடு பண்ணிச் சாப்பிடு. இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"நீயும் போ. வண்டியை நான் ஓட்டுறேன்னு சொல்லு. நீளப் பயணம், லவோனுக்கு மூட்டு வலி, வேண்டாம்னு சொல்ல முடியாது. அங்கே போய் அந்தாளை நேருக்கு நேர் பாரு. ஆம்பளையா நில்லு."

டெல்மரைப் போல ஒரு சிநேகிதன் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

அன்றைக்கே ஆர்லிஸிடம் சொன்னேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை. யார் அளவு என்று கண்ணால் அளந்துகொண்டேன்.

"நானும் பதூகா வர்றேன்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"வேண்டாம், வெர்லின்."

"ஏன் வேண்டாம்?"

"உனக்குப் பிடிக்காது. முழுக்கப் பொம்பளைங்க. உக்கார இடம் கிடைக்காது."

"நிப்பேன்."

"நீ எதுக்குப்பா கஷ்டப்படணும்? வராதே."

"எனக்கு ஒட்டுப்போர்வைன்னா உயிரு."

"எப்பலேருந்து?"

"கொஞ்ச நாளா."

"வெர்லின், கடைசியா சொல்றேன், வராதே."

சரிதான், மாட்டிக்கொண்டாள்! ஈரச் சோளக்காரர்களும் இப்படித்தான். 'சாக்கைப் பிரிக்காதீங்க, நேரமாகுது' என்பார்கள். சாக்கைப் பிரித்தே தீருவது என்று நின்றேன்.

பேசி முடிவெடுக்க லவோன் வந்தாள். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தார்கள். என்னைப் பள்ளிக்கூடப் பையனைப் போல எதிரே நிறுத்தினார்கள். லவோன் பருத்த பெண்மணி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பாள். அதைப் போட்டுக்கொண்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"கூட்டிட்டுப் போறதா இருந்தா சில கட்டுப்பாடு இருக்கு, வெர்லின்."

"சொல்லு."

"ஒரு போர்வை முன்னாடி நாங்க நின்னுட்டிருக்கும்போது 'போலாமா'ன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"துணிக்கடையில 'இதே மாதிரி வீட்ல இருக்கே'ன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"நாங்க சொல்ற இடத்துல வண்டியை நிறுத்தணும். வழியில துணிக்கடை வந்தா அங்கேயும் நிறுத்தணும்."

"நிறுத்துறேன்."

"பெட்டி எல்லாம் நீதான் தூக்கணும்."

"காலிப் பெட்டிதானே?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"திரும்பி வரும்போதும் நீதான்" என்றாள் லவோன்.

ஒப்புக்கொண்டேன். ஆர்லிஸ் பெருமூச்சு விட்டாள். "சரி, அவ்வளவு ஆசையா இருந்தா வா. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்றாள். வெற்றி எனக்கு. அன்று இரண்டு தடவை உருளைக்கிழங்கு வாங்கிச் சாப்பிட்டேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் முன்னால் ஓட்டினேன். அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து, கழுத்தில் சின்னச் சின்னத் துணித்துண்டுகளைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்டு, எந்தக் கடையில் எந்தச் சிவப்புக்குப் பொருத்தம் பார்ப்பது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். வழியில் தென்பட்ட ஒவ்வொரு துணிக்கடையிலும் நிறுத்தினேன். இல்லினாய் மாநிலம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கண்ணாடியில் ஆர்லிஸைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊர் நெருங்க நெருங்க அவள் பேச்சைக் குறைத்தாள். கைகளைக் கோத்துக்கொண்டாள், பிரித்தாள், மறுபடி கோத்தாள். கல்யாணத்தன்று சர்ச் வாசலில் அவள் அப்படிச் செய்தது ஞாபகம் வந்தது. எனக்கு அதுவரை கோபமாகத்தான் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது. இவள் இல்லாத சமையலறையில் நான் தனியாக உட்கார்ந்து ஃப்ரீசரைத் திறப்பது போல ஒரு காட்சி தெரிந்தது. வண்டியைத் திருப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பின்னாலிருந்து லவோன், "வேகமா போ, வெர்லின், நத்தை முந்திட்டுப் போகுது" என்றாள்.

கண்காட்சிக் கூடம் எங்கள் ஊர் முழுவதையும் உள்ளே வைத்து மூடலாம் போல இருந்தது. எங்கு பார்த்தாலும் பெண்கள். எல்லோர் காலிலும் வெள்ளை ஷூ. அங்கங்கே சுவரோரத்தில் புருஷன்மார் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் மடியிலும் பைகள். என்னைப் பார்த்ததும் ஒருவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை. நான் வேலையாக வந்தவன். கோணல் மூக்கோடு யார் இருக்கிறான் என்று ஒவ்வொரு ஆணின் மூக்கையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்க்கப்பட்டவர்கள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு விஷயம் கவனித்தேன். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். தாண்டிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளை இடித்தாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கென்டக்கியில் நல்ல உயரமான ஆண்கள் குறைவு போலிருக்கிறது என்று எண்ணி முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

அப்போது எதிரே ஒருவன் வந்தான். வெள்ளி முடி. வில் போல முடிந்த கழுத்துப்பட்டை. இரண்டு கையையும் நீட்டினான்.

"ஆர்லிஸ்! கடைசியில வந்துட்டீங்களா!"

மூக்கைப் பார்த்தேன். நேராக இருந்தது. எனக்கு ஏமாற்றம்.

"அவரு உள்ளே இருக்காரு, வாங்க. காலையிலேருந்து கூட்டம் குறையவே இல்லை" என்றான்.

ஆர்லிஸ் முகம் சிவந்தாள். நான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"எங்கே அவன்?" என்றேன்.

வெள்ளி முடிக்காரன் என்னை அப்போதுதான் பார்த்தான். வாய் பிளந்தது. "அட! நேர்லயும் வந்துட்டீங்களா!" என்றான்.

அது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை. கூடத்தின் கோடியில் பெண்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். முழங்கையால் வழி செய்துகொண்டு முன்னேறினேன். "எங்கேடா இருக்கே? வெளியே வாடா!" என்று கத்திக்கொண்டே முன்வரிசைக்கு வந்து நின்றேன்.

சுவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கூரையிலிருந்து தரைவரை இருந்தார். சாய்வு நாற்காலியில், கால் நீட்டி, வாய் திறந்து. தொப்பைமேல் செய்தித்தாள் கூடாரம் போட்டிருந்தது. ஒரு காலில்தான் உறை இருந்தது, மற்றதில் பெருவிரல் காற்று வாங்கியது. நீலச் சட்டை. மூக்கு லேசாகக் கோணல். இளவயதில் லாரிக் கதவு இடித்து நிமிராமலே போன மூக்கு.

என் மூக்கு.

பின்னால் சிரிப்பு வெடித்தது. "அவருதான்! அதே மூக்கு!" என்று யாரோ கூவினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், பார்ப்பவர்கள் தொடக்கூடாது என்று காவல் நிற்பவள், என் தோளைத் தட்டி, "தள்ளி நில்லுங்க சார், மேலே மூச்சுப் படுது" என்றாள். என்மேல் என் மூச்சுப் படக் கூடாதாம்.

பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் போக முடியவில்லை, கண் போர்வையை விட்டு வரவில்லை. அந்தக் கையைப் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில் தொங்கும் கை. புறங்கை நரம்பு ஒவ்வொன்றும் தனி நூல். கட்டைவிரலில் எடைமேடைச் சங்கிலி கிழித்த பழைய தழும்புக்குக்கூட ஒரு சின்ன இளஞ்சிவப்புத் துண்டு வைத்திருந்தாள். நான் மறந்துவிட்ட தழும்பு. இத்தனை சாயங்காலமும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆர்லிஸ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோவமா?"

"இவருக்கு மட்டும் எதுக்குடி மரியாதை? அவரு, இவருன்னு?"

"தூங்கும்போது நீ மரியாதையான மனுஷன், வெர்லின். முழிச்சாத்தான் நீ, வா, போ எல்லாம்."

"என்னை ஏன் வராதேன்னு சொன்னே? நான் பார்த்துடுவேன்னா?"

"வருஷக்கணக்கா வா, வான்னு கூப்பிட்டேன். வந்தியா? இந்த வருஷம் வராதேன்னு சொன்னேன். பகல் பூரா வண்டி ஓட்டிட்டு வந்து முன்வரிசையில நிக்கறே."

எனக்கு மெல்லப் புரிந்தது.

"அப்ப, போன்ல பேசினதெல்லாம்..."

"முதல் நாள் நிஜமாத்தான் பேசினேன். அப்புறம் உன் காதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் சல்லடைக்கு நேரா நாற்காலியைப் போட்டுக்கிட்டுப் பேசினேன். உனக்குச் சரியா கேக்கணுமில்ல?"

"டெல்மர்தான் என்னைப் போகச் சொன்னான்!"

"டெல்மருக்கு யார் சொன்னாங்கன்னு நினைக்கறே?" என்று லவோன் பின்னாலிருந்து கேட்டாள். "ஒரு முழு ஆப்பிள் பை கேட்டான், கடன்காரன். ஆர்லிஸ்தான் அடுப்புல சுட்டுக் குடுத்தா."

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரம் எங்கள் வீட்டில் ஆப்பிள் பை வாசனை அடித்தது. கேட்டதற்கு, சர்ச்சுக்கு என்றாள்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்வைக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி தயாராகப் போட்டிருந்தார்கள். முடிந்தால் என்னை அழைத்துவந்து அதில் உட்கார வைப்பதாக, கண்காட்சி நடத்தும் வெள்ளி முடிக்காரனிடம் ஆர்லிஸ் எப்போதோ வாக்குக் கொடுத்துவிட்டாளாம். ஒரு கால் உறையைக் கழற்றினார்கள். தொப்பைமேல் செய்தித்தாளை வைத்தார்கள். பெண்கள் வரிசையில் வந்து சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மிசௌரியிலிருந்து வந்த ஒரு மூதாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"துணியில இருக்கிறவரு தத்ரூபமா இருக்காரு. கீழே இருக்கிறவருதான் அவ்வளவு சரியா வரலை" என்றாள்.

கொஞ்ச நேரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் நாற்காலி வசதியாக இருந்தது. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கை தட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். தத்ரூபமாகச் செய்தேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆர்லிஸ் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தாள். யாரோ நூலைப் பற்றிக் கேட்க, யாரோ பஞ்சைப் பற்றிக் கேட்க, கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்குத் தெரியாது. அவள் அப்படி நிற்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. முன்னாலேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த வருஷமும் வரவேண்டியிருக்கும்.

கிளம்பும் நாளில் பெட்டிகளை வண்டியில் ஏற்றினேன். காலியாக வந்தவை ஒரு கன்றுக்குட்டி எடை கனத்தன. எடை விஷயத்தில் நான் தப்புச் சொல்வதில்லை. லவோன் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆர்லிஸ் மட்டும் வாசலிலேயே நின்றாள், கையில் ஒரு சின்னப் பையோடு.

"ஏறு, நேரமாகுது" என்றேன்.

"நீ லவோனைக் கூட்டிட்டுப் போ, வெர்லின். சாப்பாடு ஃப்ரீசர்ல இருக்கு."

"நீ?"

"இன்னும் நாலஞ்சு ஊர்க் கண்காட்சியில அவரைக் கேட்டிருக்காங்க" என்றாள் என் மனைவி. "அவரைத் தனியா அனுப்ப எனக்கு மனசு வரலை."